ரெண்டு குட்டை மேடம்

அவருடைய இடது கை கறுப்பு, வலது கை மாநிறம். பிறவிக் கோளாறு ஒன்றும் இல்லை. வெயிலுக்குப் பூசுகிற களிம்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வலது கைக்கு மட்டும் பூசிக்கொண்டு, இடது கையை வெயிலுக்குத் தாரை வார்த்துவிட்டார். வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகாவது இந்தக் கைக்கும் பூசலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"பூசிட்டா அப்புறம் எதோட வச்சுப் பாக்கிறது?" என்றார்.

அந்த இரண்டு நிறக் கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, சாக்கடைக் குட்டையின் கரையில், கல்யாண மண்டப வாசலில் நிற்கிற பெண்ணின் தாயார் மாதிரி அவர் நிற்பது இப்போதும் கண்ணில் இருக்கிறது. ஊரில் அவருக்கு ரெண்டு குட்டை மேடம் என்று பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து நின்று, இதே மாதிரி இன்னொன்று எழுதச் சொல்வார்.

குட்டைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாரண்டஹள்ளிக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர் முடிகிற இடத்தில், ஊர்க் கழிவுநீர் வந்து தேங்குகிற குட்டைகள் இரண்டு. சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தக்காளி ஏற்றுகிற லாரிகள் அங்கேதான் நிற்கும். இந்தப் பக்கத்துக் குட்டையை ஒட்டி சென்றாயனின் பரோட்டா கடை. அந்தப் பக்கத்துக் குட்டையை ஒட்டி மாதம்மாக்காவின் களிக்கடை. அக்காவின் வீட்டுக்காரர் தொப்பூர் கணவாயில் லாரியோடு கவிழ்ந்து போனவர். மிச்சம் இருந்தது அந்த அடுப்பும், களி கிண்டுகிற துடுப்பும், கீரைக் குழம்புக்காகவே வண்டியை நிறுத்துகிற சில டிரைவர்களும்தான்.

நான் குட்டைகளைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்தக்காரரிடம் வேலையில் இருந்தேன். மதகைத் திறப்பது, மிதக்கிற குப்பையை வலையால் அரிப்பது, மூக்கைப் பொத்திக்கொண்டு யாராவது திட்டினால் நின்று வாங்கிக்கொள்வது. மூன்றாவது வேலையில் எனக்கு நல்ல அனுபவம்.

மேடம் ஆராய்ச்சி என்று சொல்லி ஒரு மினி லாரியில் செடிகளோடு வந்து இறங்கினார். பிளாஸ்டிக் குழாயில் கட்டில் மாதிரிச் சட்டங்கள், அதன்மேல் தேங்காய் நார் மெத்தை, மெத்தையில் ஓட்டை போட்டுக் கல்வாழையும் வெட்டிவேரும். அந்தக் கட்டில்களைக் குட்டையில் மிதக்க விடுவது, வேர்கள் மட்டும் தண்ணீருக்குள் தொங்கும். மிதக்கும் பாத்தி என்றார். குட்டையின் அடிச்சேற்றில் காற்றுப் புகாத இடத்தில் கிருமிகள் கழிவைத் தின்று மீத்தேன் விடுகின்றனவாம். அது மேலே போய் வானத்தைச் சூடாக்குகிறதாம். இந்தச் செடிகள் வேர் வழியாகக் காற்றைக் கீழே இறக்கினால் அந்தக் கிருமிகளின் கொட்டம் அடங்குமாம். கூடவே சிரிப்பு வாயுவும் கொஞ்சம் வருகிறது, அதையும் அளக்கவேண்டும் என்றார். இந்தக் குட்டையில் சிரிப்பு வாயு வருகிறது என்றால், இத்தனை வருஷம் இதன் கரையில் குடியிருப்பவர்கள் ஒருத்தர் முகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லையே என்றேன். மேடம் சிரிக்கவில்லை. அவர் முகத்திலும் வாயு ஏறாது.

"மீத்தேன்னா என்னங்க மேடம்?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டது என் விதி. அவர் ஒரு பாட்டிலைத் தண்ணீரில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மூங்கிலால் அடிச்சேற்றைக் கலக்கச் சொன்னார். குபுகுபுவென்று குமிழி ஏறிப் பாட்டிலுக்குள் போனது. பாட்டிலை வெளியே எடுத்து, வாய்ப் பக்கம் தீக்குச்சியைக் கிழித்தார். நீலமாக ஒரு சுடர் எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் முள்வேலியைத் தாண்டியிருக்கிறேன். கால்சட்டையின் பின்பகுதி வேலியிலேயே தங்கிவிட்டது. சாலையைக் குறுக்கே பாய்ந்து களிக்கடைக்குள் புகுந்து, "அக்கா, அடுப்ப அணை! குட்டை வெடிக்கப் போவுது!" என்று கத்தியிருக்கிறேன். நான் கத்திய கத்தலில் நான்கைந்து டிரைவர்கள் களித் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி, லாரிக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். வெடிக்கப் போகிற இடத்தில் டீசல் டாங்கிக்குக் கீழே போய்ப் படுத்த அவர்களைப் பற்றி ஊர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் 'வெடி' என்று பெயர் வைத்துவிட்டது.

"வா வெடி தம்பி, இப்பவே வெடிக்குதா, சாப்புட்டுட்டு வெடிக்குதா?" என்பார் மாதம்மாக்கா, தினமும்.

நான் ஓடி ஒளிந்திருந்த இடத்துக்கு மேடம் வந்து எட்டிப் பார்த்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "உங்க டிரைவர்கள் லாரி பக்கம் ஓடுனாங்க, நீங்க அடுப்புப் பக்கம் ஓடுனீங்க. ஏன்?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அதுதான் மேடம். எதையும் தனியாகப் பார்க்க அவருக்குத் தெரியாது. டீ சொன்னால் இரண்டு டீ, ஒன்று சர்க்கரையோடு, ஒன்று இல்லாமல். எனக்கும் அவருடைய வண்டி டிரைவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தபோது அவனுக்கு மாத்திரை கொடுத்தார், எனக்குச் சுக்குக் கஷாயம் கொடுத்தார். அவனுக்குச் சீக்கிரம் சரியானது. எனக்கும் மாத்திரை கொடுங்கள் என்று கெஞ்சியபோது, "இன்னும் கொஞ்சம் பாப்போமே" என்றார். இருமுகிறவன் நான், பார்ப்பவர் அவர். "மேடத்துக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?" என்று மாதம்மாக்கா கேட்டதற்கு, "ரெண்டு பேரைக் கட்டிக்க விடமாட்டாங்களே" என்றார். அது வேடிக்கையா, வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவரிடம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் வரும்.

"இன்னைக்கு நாத்தம் ஜாஸ்திங்க மேடம்."

"எதைவிட?"

"நேத்தைவிடங்க."

"நேத்து நீங்க லீவு."

இப்படிப்பட்டவர் இரண்டு குட்டைகளுக்கும் செடி வைப்பாரா? ஒன்றுக்குத்தான் வைத்தார். மற்றது வெறுமனே கிடக்கவேண்டும், அப்போதுதான் செடியால் எவ்வளவு வாயு குறைந்தது என்று சொல்ல முடியும். எந்தக் குட்டைக்கு என்று முடிவு செய்ய என் கண் முன்னால் காசு சுண்டினார். தலை விழுந்தது. தலை என்றால் சென்றாயன் பக்கம்.

கொஞ்ச மாதத்தில் சென்றாயன் பக்கத்துக் குட்டை சாக்கடை என்பதையே மறந்துவிட்டது. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. நாற்றம் பாதிக்கு மேல் அடங்கியது. மாதா மாதம் செடிகளை மட்டமாக வெட்டி, வெட்டியதைக் கரையேற்றி, தூரக் கொண்டுபோய்க் கொட்டுவது என் வேலை. "வெட்டி வெளிய எடுக்கலைன்னா செடியும் கழிவுதான்" என்பார் மேடம். குட்டைகளின் மேல் வாளிகளைக் கவிழ்த்து மிதக்க விட்டு, அதற்குள் சேருகிற வாயுவை ஊசியால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போவார். டிரைவர்கள் பூவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சென்றாயன் கடை வாசலில் நாலு நாற்காலி போட்டான். நாற்காலி நிரம்பியது.

மாதம்மாக்கா பக்கத்தில் பழைய நாற்றம் பழையபடியே இருந்தது. ஆனால் எதிரில் பூ மணக்கும்போது பழைய நாற்றத்தை எவன் பொறுத்துக்கொள்வான்? நேற்றுவரை மூக்கைத் துடைத்துக்கொண்டு களி தின்றவர்கள் இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அக்கா மேடத்தை மடக்கினார்.

"ஏம்மா, அந்தாண்ட பூவாப் பூக்குது. இந்தாண்ட பாருங்க, ஈகூட மூக்கப் புடிச்சிக்கிட்டுப் பறக்குது. எனுக்கும் நாலு கட்டில் போடுங்களேன்."

"இந்தக் குட்டை சும்மா இருக்கணுங்க."

"அது ஏன் என்னுதா இருக்கணும்?"

"காசு சுண்டிப் போட்டோம்."

அக்கா இடுப்பிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார். "அப்ப இன்னொருக்கா சுண்டுங்க."

"நமக்கு வேணுங்கிற மாதிரி விழுற வரைக்கும் சுண்டினா, எதுக்குங்க சுண்டணும்?" என்று மேடம் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்க்கப் போனார்.

"கடை போயிருச்சின்னா எனுக்கு வேற போக்கில்ல தம்பி" என்று அக்கா என்னிடம் சொன்னார். ஜோக்கடிக்கிறவனிடம் வந்து அழுகிறவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. நான், "பேசாம நாத்தக் களின்னு போர்டு மாட்டுங்கக்கா, புதுசா இருக்கும்" என்றேன். துடுப்பு பறந்து வந்தது.

அடுத்த வாரம் அக்கா டவுன் பஸ்ஸில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். ஏரியிலிருந்து ஆகாயத்தாமரை. சாக்கோடு குட்டையில் கொட்டினார். "செடிதானே வேணும்? இது கட்டில் கேக்காது, மெத்தை கேக்காது" என்றார். அந்தச் செடியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. மழைக்காலம் முடிவதற்குள் குட்டை பச்சைக் கம்பளம் போர்த்திக்கொண்டு, ஊதா ஊதாவாகப் பூத்தது. இண்டு இடுக்கு இல்லாமல் மூடியதால் நாற்றமும் அடங்கிவிட்டது. டிரைவர்கள் சாலையைத் தாண்டித் திரும்பி வந்தார்கள். ஊதாப் பூ செல்ஃபிக்கு இன்னும் நன்றாக இருந்தது.

வெறுமனே கிடக்கவேண்டிய குட்டையை வெறுமனே கிடக்கவிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சும்மா இருப்பதைக்கூட ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று வேலையை விட்டுத் தூக்கப்பட்ட முதல் மனிதன் நான்தான் என்று வீட்டில் போய் எப்படிச் சொல்வது? மேடம் வருகிற அன்று ராஜினாமா வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டு நின்றேன். வண்டியை விட்டு இறங்கினார். குட்டையைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வாயு.

"யார் போட்டா?"

"நான் இல்லைங்க" என்றேன். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்துகொண்டிருந்தது. "என் சம்சாரமும் இல்லைங்க."

"யாரும் தொடக்கூடாது" என்றார். "ஒரு இலையைக்கூட எடுக்கக்கூடாது. வெட்டி எடுக்கிற செடி அங்க இருக்கு. வெட்டாம விட்ட செடி இங்க. நானே போட்டிருந்தா அனுமதி கிடைச்சிருக்காது."

எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. "இது இப்படியே போனா என்னங்க ஆவும்?"

"இடம் நெருங்கும். வெயில் உள்ள போகாது, காத்து உள்ள போகாது. கோடையில தண்ணி இறங்கினதும் மொத்தமா சாகும். அடியில போய் அழுகும். கீழ இருக்கிற கிருமிக்குக் கல்யாணச் சாப்பாடு."

"நாத்தம்?"

"முன்னைவிட ரொம்ப" என்றார். எதைவிட என்பதை அவரே சேர்த்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அக்காகிட்ட சொல்லிரலாங்களா மேடம்?"

"சொன்னா எடுத்துருவாங்க. எடுத்துட்டா நான் என்னத்தை அளக்கிறது?"

அன்றைக்கு அவர் களிக்கடையில்தான் சாப்பிட்டார். மேடம் கோபப்படவில்லை என்கிற சந்தோஷத்தில் அக்கா ராகிக் களியில் குழி பறித்து நெய் விட்டுக் கொடுத்தார். மேடம் விரல்வரை நக்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் வருகிற நாளெல்லாம் அங்கேதான் சாப்பாடு. முதலில் குட்டையில் வாளியைக் கவிழ்ப்பார், பிறகு கைகழுவிவிட்டு வந்து உட்காருவார்.

நான் சொல்லத்தான் செய்தேன். மேடத்தின் தலை மறைந்ததும் கடைக்குள் போய், "அக்கா, அந்தத் தாமரைய வாரி வெளிய போட்டுருங்க. கோடையில சாவும். செத்தா அழுவும். அழுவுனா கடை இருக்காது" என்றேன்.

களிச் சட்டியிலிருந்து நிமிர்ந்து அக்கா கேட்டார்: "வெடிக்குமா தம்பி?"

கடை மொத்தமும் சிரித்தது. அன்றைக்கு லாரிக்கு அடியில் படுத்திருந்த ஒரு டிரைவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். என் முகம் வேறு துரோகம் செய்தது. ஆபத்தான சமயங்களில் எனக்குப் பல்தான் முதலில் வெளியே வரும். இளித்துக்கொண்டே சாவுச் செய்தி சொல்கிறவனை யார் நம்புவார்கள்?

"மெய்யாலுமே சொல்றேங்கக்கா. மேடத்தக் கேட்டுப் பாருங்க."

அக்கா கேட்டார். என் எதிரிலேயே, அடுத்த தடவை மேடம் களியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரத்தில், பெருமையோடு கேட்டார். "தாமரை நல்லா வந்திருக்குதுங்களா மேடம்?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் மேடம். பொய் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கீரைக் குழம்பு கொதித்தது. ஒரு மத்தியானம் நானே கொக்கியை எடுத்துக்கொண்டு ஓரத்துச் செடியைக் கொஞ்சம் இழுத்தேன். அக்கா துடுப்போடு ஓடி வந்தார். "என் தாமரைமேல கை வச்சே, வெடி, களிச் சட்டியில உன்னப் போட்டுக் கிண்டிருவேன்!" நான் மறுபடியும் அதே முள்வேலியைத் தாண்டினேன். அந்த வேலிக்கும் எனக்கும் ஒரு புரிந்துணர்வு ஏற்பட்டிருந்தது.

மாசியில் ஓரங்கள் பழுத்தன. பங்குனியில் கம்பளம் பழுப்பாகி, பொத்தல் விழுந்து, ஒவ்வொரு திட்டாக அமுங்கியது. சித்திரையில் குட்டை கறுத்துப்போய், அடுப்பில் வைத்த குழம்பு மாதிரிக் கொப்புளம் விட்டது. அந்த நாற்றத்தை நான் எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். லாரிகள் அந்த இடத்தில் வேகம் எடுத்தன. அக்கா களி கிண்டி வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாலையில் அதை மாட்டுக்குப் போட்டார். மாடும் மூக்கைத் திருப்பிக்கொண்டதாகச் சென்றாயன் ஊரெல்லாம் சொன்னான்.

மேடம் வந்தார். முகத்துணி கட்டிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துவிட்டு, வழக்கம்போலக் கைகழுவிக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே! அக்கா தட்டு வைக்கவில்லை. துடுப்போடு எதிரில் நின்றார்.

"இப்பிடி ஆவும்னு உனுக்குத் தெரியுமா?" அக்காவின் பேச்சில் எப்போதும் இருக்கிற 'ங்க' காணாமல் போயிருந்தது.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்து."

"ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா உனுக்கு?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்க."

"எடுத்துத்தான் இருப்பேன்!"

"அதனாலதான் சொல்லலை."

"தெரிஞ்சிக்கிட்டே வந்து வந்து என் கையால வாங்கித் தின்னியேடி. எப்பிடி எறங்குச்சி உனுக்கு?"

மேடம் யோசித்தார். கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்லவேண்டும் என்பது அவர் சுபாவம். "நல்லா இருந்துச்சுங்க" என்றார். "இவ்வளவு நல்ல களி நான் எங்கயும் சாப்பிட்டதில்லை."

துடுப்பு மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேடத்துக்காக அல்ல, பக்கத்தில் நின்றிருந்தவன் நான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா துடுப்பைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கத்தியபோது அணைக்காத அடுப்பு அது.

அக்கா ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஏதோ கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாராம். அங்கே களி கிடையாது.

மேடத்தின் அளவுகள் பெரிய இடங்களுக்குப் போயின. வெட்டி எடுத்தால் செடி வாயுவைக் குறைக்கும், போட்டுவிட்டு மறந்தால் செடியே வாயுவாகும் என்று அவர் காட்டியது பெரிய விஷயம் என்றார்கள். இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் ஆகாயத்தாமரையைக் கொட்டிவிட்டுப் போட்டோ எடுத்திருப்பார்கள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. அதை ஓசூருக்குப் போய் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் இரண்டாவது குட்டையையும் தூர்வாரி, அதற்கும் மிதக்கும் பாத்தி போட்டார்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் கல்வாழை பூத்தது.

மேடம் கடைசியாக ஒரு தடவை வந்தார். இரண்டு குட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி ஆயிருச்சு" என்றார், திருட்டுக் கொடுத்தவர் மாதிரி. பிறகு பசிக்கிறது என்று சென்றாயன் கடைக்கு வந்தார். சென்றாயன் இப்போது களியும் போடுகிறான். அவனே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"களி எப்பிடிங்க மேடம்?"

"நல்லா இல்லை."

சென்றாயன் முகம் சுருங்கியது. இத்தனை காலம் காத்திருந்த நான் விடுவேனா? என் பற்கள் வழக்கம்போல முதலில் வெளியே வந்தன.

"எதைவிடங்க?" என்று கேட்டேன்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கறுத்துப்போன இடது கையைத் தூக்கி, சாலைக்கு அந்தப் பக்கம் காட்டினார். பூக்களுக்கு நடுவில் அடுப்புக் கரி படிந்த ஒரு குட்டிச்சுவர் நின்றிருந்தது. காட்டிய கை கீழே இறங்கவே இல்லை. அது அப்படியே நீட்டிக்கொண்டிருக்க, வலது கை அதுபாட்டுக்குக் களியை உருட்டி, குழம்பில் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டிருந்தது.